வெள்ளை வண்டி ரெஜினா

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் ரெஜினா என்று கேட்டால் எந்த ரெஜினா என்பார்கள். வெள்ளை வண்டி ரெஜினா என்றால் போதும். டீக்கடைக்காரரிலிருந்து மீன் ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர் வரைக்கும் கைநீட்டி வழி சொல்வார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான் வேலை பார்க்கும் கடற்கரை விடுதியில், வந்து தங்குகிறவர்களுக்குக் கார் ஏற்பாடு செய்து கொடுப்பது என் பொறுப்பு. அப்படித்தான் ரெஜினா எனக்குப் பழக்கம். காருக்கும் விருந்தினருக்கும் காத்திருக்கிற நேரங்களில் அவர் சொன்னதும், நானே பார்த்ததும் சேர்ந்ததுதான் இது.

குள்ளமான, கெட்டியான உடம்பு. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் முதலாளி கொடுத்த சீருடை. இருக்கையை ஆனமட்டும் முன்னுக்கு இழுத்து, போதாததற்கு ஒரு சின்னத் தலையணையும் போட்டுத்தான் உட்காருவார். ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். வெறுங்கால் பட்டால்தான் பெடல் என்ன சொல்கிறது என்று தெரியுமாம்.

திருப்போரூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பா சின்னையனும் அம்மா சாராளும் ஊரார் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தவர்கள். அந்த நிலமெல்லாம் மனைகளாகி எல்லைக்கல் முளைத்தபோது அம்மா சித்தாள் வேலைக்குப் போனார். ரெஜினா பன்னிரண்டாவது முடித்த கையோடு மறைமலைநகரில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுகட்டாகக் கட்டுகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அவருடைய கம்பெனி பஸ் வந்து நிற்கிற அதே இடத்தில்தான் இன்னொரு கம்பெனியின் பஸ்ஸும் நிற்கும். அதில் ஏறுகிறவர் பூபாலன். தகடுகளை அடித்துக் கார்க் கதவும் பானட்டும் செய்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. ஒரு மழை நாளில் ரெஜினாவின் பஸ் வராமல் போக, பூபாலன் தன் பஸ்ஸில் அவரை ஏற்றிக்கொண்டு, கேட்டில் செக்யூரிட்டியிடம் திட்டும் வாங்கினார். அதிலிருந்து தொடங்கியது. ஒருவர் கோயில், ஒருவர் சர்ச் என்று இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மகள் ஹெலன் பிறந்ததும் முகங்கள் கீழே இறங்கின.

பூபாலனின் கம்பெனி வடக்கே எங்கோ இடம் மாறியபோது அவர் போகவில்லை. லைசென்ஸ் எடுத்து டிரைவர் ஆனார். ரெஜினா குழந்தைக்காக வேலையை விட்டவர், ஹெலன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அந்தப் பள்ளி வேனிலேயே பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாகச் சேர்ந்தார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் பல வருடம் உட்கார்ந்திருந்ததில் கையும் காலும் தானாகவே அசையத் தொடங்கிவிட்டன என்பார். கூடுவாஞ்சேரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினார். புருஷனே டிரைவர் ஆயிற்றே, அவரிடமே கற்றுக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன். "அவரு கத்துக் குடுத்திருந்தா எங்களுக்கு டைவர்ஸ் ஆயிருக்கும் மேடம்" என்றார்.

அடுத்து வருகிறவர் ஜெபகுமார். பூஞ்சேரியில் ஷெட் வைத்து, விடுதிகளுக்கும் கல்யாணங்களுக்கும் சொகுசுக் கார்களை வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் ஒரு கறுப்பு பெட்ரோல் கார் இருந்தது. முன்னால் நீண்ட மூக்கும் பின்னால் நீண்ட டிக்கியுமாக, மந்திரிகள் போகிற ஜாதி வண்டி. அதை ஓட்டியவர் பூபாலன். அந்த வண்டியைத் துடைப்பதற்கென்று தனித் துணி வைத்திருப்பார். அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது.

விடுதிகளுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் பேட்டரி கார் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கியதால், ஜெபகுமார் அதே அந்தஸ்தில் ஒரு வெள்ளை மின்சாரக் காரை வாங்கினார். வாங்கி நிறுத்திய பிறகுதான் சிக்கல். அதைப் பூபாலனிடம் கொடுத்துவிட்டு, கறுப்பு வண்டிக்கு வேறு ஆள் போட நினைத்தார். பூபாலன் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத வண்டியைத் தன்னால் ஓட்ட முடியாது என்றார். மற்ற டிரைவர்களும் தயங்கினார்கள். ரெஜினா அப்போது பெண்களுக்கான கால் டாக்சி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயம் வீட்டில் காதில் விழுந்ததும், மறுநாளே ஷெட்டுக்குப் போய் நின்றார்.

"அண்ணே, மத்தவங்களுக்குப் பழைய பழக்கம் கீது, அத்த மறக்கணும். எனக்கு மறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றார்.

இப்படியாக ஒரே வீட்டிலிருந்து ஒருவர் பெட்ரோல் கட்சி, ஒருவர் கரண்ட் கட்சி.

ஆரம்பத்தில் கரண்ட் கட்சிக்கு நல்ல அடி. அந்த வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பிரேக் பிடித்ததுபோல் தானாகவே வேகம் குறையும். ரெஜினா வழக்கம்போலக் காலை வைத்து வைத்து எடுக்க, பின்சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குத் தலை சுற்றி, எங்கள் விடுதி வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டார். நான்தான் தண்ணீர் கொண்டுபோனேன். ரெஜினாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு ஒரு வாரம், காலியாக இருக்கும்போதெல்லாம் டாஷ்போர்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினார். பால் பொங்கும்போது அடுப்பைத் தணிக்கிற மாதிரி காலைத் தணிக்க வேண்டும், அவ்வளவுதான் என்பார் இப்போது.

இன்னொரு தடவை புதுச்சேரியிலிருந்து திரும்புகையில், சார்ஜ் போடலாம் என்று நம்பிப் போன ஓட்டலில் இயந்திரம் வேலை செய்யவில்லை. அடுத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வண்டி சொருகிக்கொண்டு நின்றது. ஏசியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, மாட்டு வண்டி வேகத்தில் வந்தும் பாதி வழிதான் வர முடிந்தது. பூபாலன் கறுப்பு வண்டியைக் கொண்டுபோய் விருந்தினர்களை மாற்றி ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று வீட்டில் அவர் சாப்பாட்டைக்கூட ரசித்து ரசித்துச் சாப்பிட்டாராம். பெட்ரோல் பங்கில் நுழைந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம், அவ்வளவுதானே என்று நாலு தடவை சொன்னாராம்.

ஆனால் ரெஜினாவுக்கும் நாள் வந்தது. சித்திரை வெயிலில் கல்யாண மண்டபங்களுக்கு வெளியே காத்திருக்கும்போது, பூபாலன் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டால் செக்யூரிட்டி வந்து புகை என்று விரட்டுவார். ரெஜினாவோ கதவை மூடிக்கொண்டு, ஒரு பொட்டுச் சத்தமில்லாமல், பனிக்கட்டிக்குள் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். கைக்குழந்தைக்காரிகள் வந்து, குழந்தையைக் கொஞ்சநேரம் உள்ளே தூங்க வைக்கலாமா என்று கேட்பார்கள். புருஷனை உள்ளே கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார். வேப்பமர நிழலில் சட்டை நனைய நிற்பார்.

வீம்பு என்றுதான் ரெஜினா நினைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம்.

போன வருடம் ஆடி மாதம் கோபாலகிருஷ்ணன் வந்தார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, திருப்போரூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மனைவி சியாமளாவோடு இருக்கிறவர். வாழ்க்கை முழுக்கச் சின்னக் காரிலேயே போயாயிற்று, கடைசியாக ஒரே ஒரு நல்ல வண்டி வாங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் கேட்டது மின்சார வண்டி, சியாமளா கேட்டது பெட்ரோல் வண்டி. பேசிப் பேசி வீட்டில் இருவருக்கும் அலுத்துப்போயிருந்தது. ஷோரூம்காரர்கள் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதை வைத்து முடிவெடுக்க முடியாது, இரண்டு வண்டியையும் ஒருநாள் முழுக்க வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று, எங்கள் விடுதியில் நடந்த ஓர் உறவினர் விசேஷத்துக்கு வந்தபோது என்னிடம் விசாரித்தார். நான் ஜெபகுமாரிடம் சொல்லிவிட்டேன்.

கல்பாக்கத்தில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஒரு வண்டி. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வரை இன்னொரு வண்டி. இதுதான் ஏற்பாடு. இரண்டு வண்டியும் கல்பாக்கத்தில் சிநேகிதர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது சியாமளா ஒரு கேள்வி கேட்டார்.

"வெள்ளை வண்டியை எப்பவும் ரெஜினா ஓட்டறாங்க, கறுப்பு வண்டியை எப்பவும் இவர் ஓட்டறார். அப்போ நாங்க பார்க்கப் போறது வண்டியையா, டிரைவரையா? மாத்தி ஓட்டுங்களேன்."

கோபாலகிருஷ்ணனுக்கு அது நியாயமாகப் பட்டது. ரெஜினாவுக்கு உள்ளுக்குள் குஷி. கறுப்பு வண்டியின் ஸ்டீரிங்கை அதுவரை அவர் தொட்டதே இல்லை. பூபாலன் மட்டும் நகராமல் நின்றார். வாடிக்கையாளர் கேட்கும்போது முதலாளியின் ஆள் மாட்டேன் என்று சொல்ல முடியாது. துடைக்கிற துணியை ரெஜினாவின் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளை வண்டியில் போய் உட்கார்ந்தார். ரெஜினா காலி வண்டியோடு பின்னால் போவது என்று முடிவாயிற்று.

கறுப்பு வண்டி அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பொத்தானை அழுத்தியதும் உள்ளங்கால் வழியாக ஓர் அதிர்வு ஏறி முதுகுத்தண்டில் வந்து உட்கார்ந்தது. மிதித்தால் உடனே பாயாது. ஒரு மூச்சு எடுத்து, கியர் ஒன்று கீழே இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு பிறகுதான் பாயும். வெள்ளை வண்டி நினைத்த மாத்திரத்தில் போகும். இதுவோ, சொன்னதைக் கேட்டு, சரி என்று பதில் சொல்லிவிட்டுப் போகிற வண்டி. இதைப்போய் இந்த மனுஷன் இவ்வளவு நாள் கொஞ்சினதில் தப்பில்லை என்று தோன்றியதாம். ஆனால் முன்னால் போகிற வெள்ளை வண்டியைப் பார்க்கப் பார்க்க ஏதோ சரியாகப் படவில்லை. வேகத்தடைகளில் அடிவயிறு தட்டாமல் இருக்க அதைக் கொஞ்சம் கோணலாக ஏற்ற வேண்டும் என்று பூபாலனிடம் சொல்லியிருந்தார். அதைச் சரியாகத்தான் செய்தார். மற்றபடி வண்டி பயந்து பயந்து போயிற்று. புது மருமகள் சமையலறையில் நடப்பதுபோல் இருந்தது என்று ரெஜினா சொன்னார்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியை ஒட்டி, நிழல் பார்த்து இரண்டு வண்டியும் நின்றன. கோபாலகிருஷ்ணன் இறங்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பின்சீட்டில் கால் வைக்கிற இடம் மேடாகிவிடுகிறது, முழங்கால் தூக்கிக்கொண்டு தொடை சீட்டில் படிவதில்லை, இதை யாரும் சொல்லவில்லையே என்று அலுத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் நடந்தார். பூபாலன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். சியாமளா ரெஜினாவைக் கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துப் போனார். தலைமுடியை ஒதுக்கித் தன் காதைக் காட்டினார். தோல் நிறத்தில், மொச்சைக் கொட்டை அளவில் ஒரு காது மிஷின்.

"நான் இதைப் போட்டு ரொம்ப வருஷம் ஆச்சும்மா. அதனாலதான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்குக் காது கேட்கலை. ஏசியைக் குறைக்கச் சொல்லி மூணு தடவை கேட்டேன். அந்த வண்டியில சாருடைய வாட்ச் ஓடற சத்தம்கூட எனக்குக் கேட்டுது. அவருக்கு நான் பேசினது கேட்கலை. ஆனா கண்ணாடியில என் வாய் அசையறதைப் பார்த்ததும் சிரிச்சார் பாருங்க, அந்தச் சிரிப்பை எனக்கு நல்லாத் தெரியும். நானும் அதே மாதிரி சிரிச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் ஓட்டினேன்."

ரெஜினாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் புருஷனைப் பற்றி இவர் யார் சொல்ல என்று. திரும்பி வண்டியை நோக்கி நடக்கும்போது கோபம் ஒவ்வொரு அடிக்கும் கரைந்தது. டிவியை அத்தனை சத்தமாக வைப்பது. போனை எப்போதும் வலது காதிலேயே வைப்பது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் வராதது. அதற்காக எத்தனை நாள் ரெஜினா சண்டை பிடித்திருக்கிறார். மதிக்கவில்லை என்று எத்தனை தடவை அழுதிருக்கிறார். பெட்ரோல் வண்டியில் பின்சீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டுக் கேட்காமல் போனால், எஞ்சின் சத்தம் சார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வெள்ளை வண்டியில் அந்தச் சாக்கு இல்லை.

பூபாலன் துடைத்து முடித்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ரெஜினா இடதுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து கதவை மூடினார். வெளியே போகிற ரயிலின் சத்தம்கூட அறுந்துபோயிற்று. அவர் நேராக ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா வழக்கமான குரலில், எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"யோவ், நீ இல்லாத வூட்ல என்னால ஒரு பொழுது இருக்க முடியாது. தெரியுமா ஒனக்கு?"

அவர் திரும்பவில்லை. கொஞ்சநேரம் கழித்து, பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்து திரும்பி, "இன்னாமே, டீ குடிச்சியா?" என்றார்.

அதை என்னிடம் சொல்லும்போது ரெஜினா சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அன்றைக்கு அழவில்லையாம். அவர் தோளைத் தொட்டு, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, எத்தனை நாளாகக் காது கேட்கவில்லை என்று நேரடியாகக் கேட்டாராம். யார் சொன்னது என்று அவர் முதலில் முறைத்தார். நான் சொல்கிறேன் என்றார் ரெஜினா. பிறகு பூபாலன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"கம்பெனிய வுட்டு வரச்சொல்லவே இந்த லெஃப்ட் பக்கம் மந்தம்தான். பிரஸ்ஸு இந்தப் பக்கம்தான இருந்துச்சி. இப்ப ரொம்ப மோசமாயிட்ச்சி. கறுப்பு வண்டின்னா எனக்குக் காதே வேணாம் ரெஜி. சீட்ல குந்தினா எஞ்சின் இன்னா பேசுதுன்னு முதுகுல தெரியும். இந்த வண்டி கல்லு மாதிரி கீது. இதுல குந்தினா நான் செவுடுன்னு எனக்கே தெரியுது. சொன்னா வண்டிய புடுங்கிக்குவாங்க. எனக்கு வேற இன்னா வேலை தெரியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ வண்டி எடுக்க வுட மாட்டியே."

"ஆமா. வுட மாட்டேன்" என்றார் ரெஜினா. கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஜெபகுமாரிடம் வேலை பார்க்கிற மோகன் என்ற டிரைவர், யாரையோ செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் பக்கத்தில்தான் இருந்தார். ரெஜினா போன் செய்ததும் வந்து வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டார். கோபாலகிருஷ்ணனுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. சியாமளா அவரிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவரும் வேறொன்றும் கேட்காமல் கறுப்பு வண்டியின் பின்சீட்டில் ஏறினார். பூபாலன் தன்னுடைய வண்டியிலேயே, டிரைவருக்கு இடதுபக்கம், முதல் தடவையாக உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவருடைய நல்ல காது ரெஜினாவின் பக்கம் வருகிறது. வழியில்தான் ரெஜினாவுக்கு அது உறைத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும் இவர் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தவர் கொஞ்சதூரம் போனதும் தாங்க முடியாமல், லாரியை முந்தும்போது மிதியைப் பாதி அழுத்திக் காத்திரு, கியர் மாறியதும் மீதியை அழுத்து என்றார். ரெஜினா அப்படியே செய்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்சீட்டில் கோபாலகிருஷ்ணன் தொடைக்குச் சுகம் கிடைத்துத் தூங்கிப்போனார். திருப்போரூர்க் கோபுரம் தெரிகிற வரை புருஷனும் பெண்டாட்டியும் வண்டியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் இருவரும் ஜெபகுமாரைப் போய்ப் பார்த்தார்கள். ரெஜினாதான் விஷயத்தைச் சொன்னார். ஜெபகுமார் சத்தம் போட்டார். இத்தனை வருடம் எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய், ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அதில் தப்பில்லை என்று ரெஜினாவே சொன்னார். கடைசியில் ஜெபகுமார், டாக்டர் பார்த்து, ஓட்டலாம் என்று சர்டிபிகேட் கொடுத்தால் கறுப்பு வண்டி உன்னுடையதுதான், அதுவரை தொடக்கூடாது என்றார். அதுவரை இரண்டு வண்டியையும் ரெஜினா பார்த்துக்கொண்டார்.

அந்த நாட்கள் வீட்டில் சுலபமாக இல்லை. பூபாலன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கறுப்பு வண்டியில் போய்விட்டு வந்தால், எங்கே நிறுத்தினாய், மரத்தடியிலா, பறவை எச்சம் விழுந்ததா என்று மட்டும் கேட்பாராம். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் நாளை என்பார். சியாமளா ஒருநாள் வீட்டுக்கே வந்து, மிஷினைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து, இதைப் போட்டால் வயதாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா, போடாவிட்டால்தான் கிழவியாகிவிட்டேன் என்று எனக்குத் தோன்றும் என்றாராம். அதற்கடுத்த வாரம் போனார்கள். இடது காது பெரும்பகுதி போய்விட்டது, வலது காது தேவலை, இரண்டுக்கும் மிஷின் போட்டால் சாலைச் சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கும் என்றார் டாக்டர். போட்டுப் பழகிய பிறகு மறுபடி சோதித்துப் பார்த்து சர்டிபிகேட்டும் எழுதிக் கொடுத்தார்.

மிஷின் வந்த புதிதில் அவர் பட்ட பாடு தனி. மிக்ஸி ஓடினால் வாசலுக்கு ஓடுவார். தட்டு விழுந்தால் திடுக்கிடுவார். ஹெலன் இவ்வளவு வேகமாகவா பேசுகிறாள் என்று ஆச்சரியப்பட்டார். கறுப்பு வண்டியை முதன்முதலில் எடுத்தபோது, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரீச் சத்தம் வருகிறதே, ரெஜினா ஏதோ செய்துவிட்டாள் என்று ஒரே ரகளை. ஒரு வருடமாக அது வந்துகொண்டிருந்தது என்று மெக்கானிக் சொன்னார்.

கோபாலகிருஷ்ணனும் சியாமளாவும் என்ன வாங்கினார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தப் பயணத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. கோபாலகிருஷ்ணனுக்குத் தொடை சுகம் பிடித்துப்போய்ப் பெட்ரோல் பக்கம் சாய்ந்துவிட்டார். சியாமளாவோ, எஞ்சின் இரைச்சல் மிஷினுக்குள் புகுந்து இம்சை பண்ணாமல் நிம்மதியாகப் போக முடிகிறது என்று மின்சார வண்டிக்கு மாறிவிட்டார். தகராறு பழையபடியே நின்றது. ஒருநாள் விடுதி வாசலில் ரெஜினாவைப் பார்த்ததும், இரண்டையும் ஓட்டியவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள் என்றார் கோபாலகிருஷ்ணன்.

ரெஜினா சொன்னார்: "பேசிக்கினே போறவங்களுக்கு வெள்ள வண்டி சார். தூங்கிக்கினே போறவங்களுக்குக் கறுப்பு வண்டி. நீங்க ரெண்டு பேரும் எப்டின்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அவர்கள் மின்சார வண்டியைத்தான் வாங்கினார்கள். குடியிருப்புச் சங்கத்தோடு மல்லுக்கட்டிச் சார்ஜ் பாயிண்ட் வாங்கவே ஒரு தீபாவளியும் பொங்கலும் போயிற்று. கோபாலகிருஷ்ணன் இப்போது பின்சீட்டில் உட்காருவதில்லை. முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு அவரே ஓட்டுகிறார். சியாமளா பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவதாகக் கேள்வி.

போன மாதம் எங்கள் விடுதியில் ஒரு பெரிய கல்யாணம். பெண் வீட்டாருக்கு வெள்ளை வண்டியும் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறுப்பு வண்டியும் எடுத்திருந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போர்ட்டிகோவில் நின்றன. ஆட்களை இறக்கிவிட்டு, வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்கு எதிர் வரிசை. சாம்பார் வந்துகொண்டிருக்கும்போது பந்தலுக்கு வெளியே பேண்ட் வாத்தியம் வந்து நின்று முழங்க ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். பூபாலன் மட்டும் நிதானமாகக் கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டு காதிலிருந்தும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்தார்.

அவர் கையைக் கழுவப் போன நேரத்தில் ரெஜினா அவர் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்துத் தின்றுவிட்டிருந்தார். இலையைப் பார்த்த பூபாலன் அதட்டலாக ஏதோ கேட்டார். ரெஜினா வாய் நிறைய ஜாங்கிரியோடு, தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று காதைக் காட்டினார்.